மகள் கம்பஸில் பொதுக்கொள்கை படிப்பிக்க ஆசைப்பட்டால்

அன்புள்ள அம்மா,

போன கிழமை நீங்கள் வந்துபோன பிறகும் உங்கள் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. "சமூக ஆய்வு செய்து, பிறகு கம்பஸில் பொதுக்கொள்கை படிப்பிக்கப் போறாளாம். இது ஒரு தொழிலா?" என்று கேட்டீர்கள். தொழில்தான். ஆனால் ஆசிரியர் நியமனம் போல் காத்திருந்தால் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில், அவள் எதைப் படிப்பிக்க ஆசைப்படுகிறாள் என்று பாருங்கள். சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டத் தடைபோட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். உயிரைக் காக்கவென்று போட்ட தடைதான். ஆனால் நம் திருகோணமலைக் கரையில், திருக்கடலூரில் தோணியையும் வலையையும் கண்ணெதிரே வைத்துப் பிழைப்பவருக்கு 200 மீட்டர் என்பது என்ன? இரவில் தோணியை யார் பார்ப்பது? உறுதிப் பத்திரம் இல்லாத காணியில் இருந்தவருக்கு மாற்றுக் காணி கிடைக்குமா? பிறகு அந்தத் தூரங்களைத் தளர்த்த வேண்டி வந்தது. ஒரு முடிவு யாரைக் கேட்டு எடுக்கப்பட்டது, அது யார் வாழ்க்கையில் போய் விழுந்தது என்று தேடிப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு. கரையில் நின்று கேட்டவர் வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும். அதனால்தான் சமூக ஆய்வாளர்கள் இந்தப் பாடத்துக்கு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, வழி என்ன? இங்கே கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் போன்றவைதான் உண்டு. சமூகவியல், அரசறிவியல் என்றால் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம், யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு என்று பார்க்க வேண்டும். கொழும்பில் அரசறிவியல் துறையின் பெயரிலேயே பொதுக்கொள்கையும் இருக்கிறது.

பிள்ளைகள் கோட்டைவிடும் இடம் முதலாம் வருடம். உயர்தரம் முடித்த களைப்பில் அந்த வருடத்தைச் சும்மா கழித்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு நடக்கும். சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ எடுத்தவர்களுக்குத்தான் விரிவுரையாளர் பதவிக்கான நேரான வழி திறக்கும். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நின்றுவிட்டு, பிறகு கவலைப்பட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாவம், சொல்லித்தர ஆள் இருக்கவில்லை.

நல்ல வகுப்பு எடுத்தாலும் உடனே நிரந்தர நியமனம் வராது. பலர் தற்காலிக உதவி விரிவுரையாளராகத் தொடங்கி, வெற்றிடம் வரும்போது தகுதிகாண் விரிவுரையாளர் (நிரந்தரமாக்கும் முன் சோதனைக்காலத்தில் இருப்பவர்) பதவிக்கு விண்ணப்பிப்பார்கள். முதுமாணி, கலாநிதிப் பட்டம் என்று படிப்பும் தொடரும். தமிழில் பட்டம் படிக்கலாம், அதில் குறையே இல்லை. ஆனால் மேற்படிப்புக்கு ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். சிங்களமும் தெரிந்தால் கொழும்பில் அதிகாரிகளிடம் நேரே பேசலாம், களத்தில் சிங்களம் பேசும் சேருநுவரவுக்கும் போகலாம். இந்த மாவட்டத்தில் ஆய்வு செய்ய ஒரு மொழி போதாது.

வெற்றிடம் வரும்வரை என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். கொள்கைக் கற்கைகள் நிறுவகம், வறுமை ஆராய்ச்சி நிலையம் போன்ற ஆய்வு நிறுவனங்களில் ஆய்வு உதவியாளர் வேலை தேடலாம். இலங்கைத் திட்டமிடல் சேவைப் பரீட்சை எழுதலாம். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தாலும், கொள்கை என்பது சனத்தின் கையில் என்னவாகப் போய்ச் சேருகிறது என்று அங்கே தினமும் தெரியும். இவை வீணான வருடங்கள் இல்லை. பின்னாளில் வகுப்பில் சொல்ல உதாரணங்கள் இங்கிருந்துதான் வரும்.

நீங்கள் சொன்ன, ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி மோசமான வழி இல்லை. வீட்டில் உடனே உழைப்பு வேண்டுமென்றால் அதையும் பேசுவோம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவளிடம் மறைக்காமல் பணநிலைமையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் கணக்குத் தெரிந்தால் பொறுப்பாக யோசிப்பார்கள்.

அப்புறம், சனிக்கிழமை அவளையும் கூட்டிவாருங்கள். பெறுபேற்றுத் தாளும், இன்னொரு வேலையும் வேண்டும். 2023இல் வறிய குடும்பங்களுக்கான சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய நலன்புரிக் கொடுப்பனவு வந்ததே, உங்கள் தெருவில் ஐந்து வீட்டில் அது கிடைத்ததா, கிடைக்காவிட்டால் என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டு, பெயர் போடாமல் ஒரு கொப்பியில் எழுதிவரட்டும். அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்து பேசுவோம்.