திரைவாசிப்பான் இருந்தும் சில தமிழ்ப் பாடக் குறிப்புகளைப் பார்வையற்ற மாணவர்களால் கேட்க முடியாதது ஏன்?

திரைவாசிப்பான் என்பது கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் அது எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. கோப்புக்குள் பதிந்திருக்கும் குறியீட்டைத்தான் படிக்கிறது. ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். சுவரில் வரைந்த கதவு மாதிரி, பார்க்கக் கதவுதான், திறக்காது. யூனிகோடுக்கு முந்தைய பாணியிலான பாமினி எழுத்துரு இன்னும் மோசம்: கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறியீடுகள்தான். மாணவர் காதில் விழுவது உளறல்தான். ஆசிரியர்களே, தயவுசெய்து தமிழ் எழுத்துகளுக்கென்றே குறியீடுகள் உள்ள யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள்.

அப்புறம், ஆடியோ பதிவு கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் எழுத்துக்கூட்டல் தெரியாது, வேண்டிய சொல்லைத் தேடவும் முடியாது.