துக்கத்தில் இருக்கும்போது பிரார்த்தனை உண்மையில் ஆறுதல் தருமா?

அம்மா இறந்த பிறகு கடவுள் மேலேயே கோபமாக இருக்கிறது, இந்த நிலையில் பிரார்த்தனை செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். அந்தக் கோபத்தையே அவரிடம் சொல்லுங்கள். பைபிளில் சங்கீதங்கள் எனப்படும் 150 பாடல்களில் ஏராளமானவை புலம்பல்கள்தான். 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்றுதான் தொடங்குகிறது. சூலை நோய் என்னும் கடும் வயிற்று வலியில் துடித்த அப்பரும் சிவனிடம் முறையிட்டுத்தான் பாடினார்.

வார்த்தையே வராத நாளில், தெரிந்த ஒரு வரியை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். 2001இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், ஜெபமாலையோ மந்திரமோ சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. உடம்பு அடங்கினால் அடக்கி வைத்த அழுகையும் வரும். வரட்டும், தடுக்காதீர்கள்.

அப்புறம், தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். அதனால் உங்கள் நம்பிக்கை குறைந்துவிட்டதாக ஆகாது.