விறகு பிளக்கும் இயந்திரத்தில் விபத்து: டிராக்டர் காப்பீடு கைகொடுக்குமா?

கேள்வி: மரங்களை மொத்தமாக வாங்கி, விறகாக்கி விற்கும் சிறு தொழில் செய்கிறேன். இரண்டு டிராக்டர்கள், ஒரு டிரெய்லர், டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் (என்ஜின் விசையை வெளிக்கருவிகளுக்குக் கடத்தும் சுழல்தண்டு) இணைத்து ஓட்டும் ஹைட்ராலிக் விறகு பிளக்கும் இயந்திரம், ஒரு வட்ட ரம்பம் ஆகியவை உள்ளன. டிராக்டர்கள் விவசாயப் பயன்பாட்டுக்கெனப் பதிவானவை. தினக்கூலிக்கு வந்த 35 வயதுத் தொழிலாளி ஒருவரின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் என் கிடங்கில் பிளக்கும் இயந்திரத்தில் சிக்கித் துண்டாகிவிட்டன. மருத்துவச் செலவை ஏற்றதோடு 50,000 ரூபாயும் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கினேன். இப்போது அவர் வழக்கறிஞர் மூலம் இழப்பீடு கேட்கிறார். டிராக்டர் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. இரு கைகளாலும் அழுத்த வேண்டிய நெம்புகோல்களில் ஒன்றைக் கம்பியால் கட்டிவிட்டு ஒரு கையால் இயக்கியது அவருடைய தவறு. நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் பெரிதும் நம்பியிருக்கும் முத்திரைத்தாள் உங்களைக் காப்பாற்றாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ தொழிலாளி எழுதித்தரும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. இருவரும் மனமொத்து ஒரு தொகைக்கு உடன்பட்டிருந்தால்கூட, அந்த உடன்பாட்டை இழப்பீட்டு ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யத் தவறினால் முழு இழப்பீட்டுக்கும் நீங்கள் பொறுப்பாவதோடு, ஆணையர் வேறு விதமாக உத்தரவிட்டாலன்றி, ஏற்கெனவே கொடுத்த தொகையில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது என்று 29-ஆவது பிரிவு கூறுகிறது. அதாவது, நீங்கள் கொடுத்த 50,000 ரூபாயில் 25,000 மட்டுமே கணக்கில் வரக்கூடும்.

விபத்து நடந்த தேதியை நீங்கள் குறிப்பிடவில்லை. 2025 நவம்பர் 21-க்கு முன் நடந்திருந்தால் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பின் என்றால் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பொருந்தும். முதலாளியின் பொறுப்பு, கணக்கிடும் முறை ஆகியவற்றின் அடிப்படை இரண்டிலும் ஒன்றே. தினக்கூலிக்கு வந்தவர் என்பதால் அவருடைய உரிமை குறைந்துவிடாது. உங்கள் தொழிலுக்காக உங்கள் இயந்திரத்தில் வேலை செய்தார் என்பதே முக்கியம்.

தொகை எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம். நிரந்தர முழு ஊனத்துக்கு மாத ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கான காரணி 197.06. மத்திய அரசு 2020-இல் அறிவித்தபடி கணக்கில் கொள்ளும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அவருடைய ஊதியம் அந்த வரம்பைத் தொட்டால், 9,000-ஐ 197.06-ஆல் பெருக்க 17,73,540 ரூபாய் வரும். ஒரு கையில் இரண்டு விரல்களை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 20 விழுக்காடு இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையே நிர்ணயித்திருப்பதால், அவருக்குச் சேர வேண்டியது 3,54,708 ரூபாய். விரல்கள் முழுமையாகப் போகாமல் கணு அளவில் துண்டாகியிருந்தால் விழுக்காடு மாறும் என்பதால், மருத்துவச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருத்துவச் செலவு இத்தொகையில் சேராது. அதை ஈடுசெய்வது தனிக் கடமை. இழப்பீடு செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் 50 விழுக்காடு வரை அபராதமும் சேரும். ஆகவே, தகராறு இல்லாத தொகையையாவது இப்போதே ஆணையரிடம் செலுத்திவிடுவதே என் யோசனை. வழக்கை நீட்டித்து நீங்கள் பெறப்போவது வட்டிச் சுமை மட்டுமே.

கம்பி கட்டிய வாதத்துக்கு வருகிறேன். பாதுகாப்புக்கான கருவி என்று தெரிந்தே ஒரு தொழிலாளி அதை வேண்டுமென்றே அகற்றினாலோ பொருட்படுத்தாமல் விட்டாலோ, அதனால் நேர்ந்த காயம் மரணத்திலோ நிரந்தர முழு ஊனத்திலோ முடியாதவரை, முதலாளிக்குப் பொறுப்பில்லை என்று சட்டம் விதிவிலக்கு தருகிறது. ஆனால் அதை மெய்ப்பிக்கும் சுமை உங்களுடையது. அந்தக் கம்பி அன்று காலையில் கட்டப்பட்டதா, அல்லது மாதக்கணக்கில் அப்படியே இருந்து, நெம்புகோலில் தேய்ந்த தடமே விழுந்திருக்கிறதா? இரண்டாவது நிலை என்றால், வேலை வேகமாக நடக்கிறது என்று நீங்களும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தீர்கள் என்றே ஆணையர் முடிவு செய்வார். எச்சரித்ததற்கு எழுத்துமூலமான சான்றோ, உடன் வேலை செய்தவர்களின் நம்பத்தகுந்த சாட்சியமோ இல்லாமல் இந்த வாதத்தை முன்வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்பு உங்களுக்குக் கசப்பாக இருந்தாலும், இந்த விபத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நிலைக்கும். மோட்டார் வாகனச் சட்டப்படியான கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு, பொது இடத்தில் வாகனத்தைப் பயன்படுத்துவதால் எழும் பொறுப்புக்கானது. வேலியிட்ட உங்கள் கிடங்கில், நின்றிருந்த டிராக்டர் இயந்திரத்துக்கு விசை கொடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. பாலிசியில் கூடுதல் பிரீமியம் செலுத்தி ஊழியர்களைச் சேர்த்திருக்கிறீர்களா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். இல்லையென்றால் பணம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். இனிமேலாவது கிடங்கில் வேலை செய்பவர்களுக்கென ஊழியர் இழப்பீட்டுப் பாலிசியைத் தனியாக எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, இதைவிடப் பெரிய ஆபத்து. விவசாயப் பயன்பாட்டுக்கெனப் பதிவான டிராக்டரில் டிரெய்லரை இணைத்து விற்பனைக்கான விறகை ஏற்றிச் சென்றால், அது சட்டத்தின் பார்வையில் சரக்கு வாகனம். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த இணைப்பு சரக்கு வாகனமே என்று நட்வர் பாரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பெர்மிட், தகுதிச் சான்று, உரிய பயன்பாட்டைக் குறிப்பிடும் காப்பீடு மூன்றும் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது காப்பீட்டு நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் முடிவானது. அப்படிப்பட்ட நிலையில், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அதை வாகன உரிமையாளரிடம் வசூலிக்க உத்தரவாகும். சாலையில் ஓர் உயிர் போனால் அந்தத் தொகை விரல் இழப்புக்கான இழப்பீட்டைப்போலப் பல மடங்கு இருக்கும். எனவே, குறைந்தது ஒரு டிராக்டரையும் டிரெய்லரையும் வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றிப் பதிவு செய்யும்வரை, விறகை வாடகைச் சரக்கு வாகனத்தில் அனுப்புங்கள்.

வட்ட ரம்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விறகைப் பிளப்பது வேறு, விசையால் இயங்கும் ரம்பத்தில் மரத்தை அறுப்பது வேறு. பின்னது மர அறுவை ஆலைகளுக்கான உரிம விதிகளுக்குள் வர வாய்ப்புண்டு. 1996-இல் காடுகளைப் பாதுகாப்பது தொடர்பான கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டதிலிருந்து அந்த விதிகள் கடுமையாகவே நடைமுறைப்படுத்தப்படுகின்றன. மாவட்ட வன அலுவலருக்கு இயந்திரத்தின் விவரங்களைக் குறிப்பிட்டு விண்ணப்பித்து, உரிமம் தேவையா என்று எழுத்துமூலம் பதில் பெறுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ரம்பத்தை ஓட்ட வேண்டாம். விறகு விற்பனைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு; ஆனால் பிளக்கும் இயந்திரத்தையோ டிராக்டரையோ பிறருக்கு வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்துக்கு விலக்கு தானாக வந்துவிடாது என்பதால், அதற்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர் அறிவிப்புக்குப் பதில் அனுப்பும்போது முத்திரைத்தாளைப் பற்றி வீராப்பாக எதுவும் எழுதாதீர்கள். கொடுத்த பணத்துக்கான ரசீது, மருத்துவமனைக் கட்டணச் சீட்டுகள், கூலிப் பதிவேடு ஆகியவற்றை மட்டும் இணைத்து, ஆணையர் முன்னிலையில் உடன்பாட்டைப் பதிவு செய்யத் தயார் என்று எழுதினால் போதும்.