புதுக் கம்பி மாட்டியும் என் அக்கூஸ்டிக் கிட்டார் சுருதியில் நிற்க மாட்டேன் என்கிறது. டியூனர் பச்சை காட்டினாலும் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) பிசகாகக் கேட்கிறது. கம்பியை முறுக்கும் டியூனிங் கீயை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நான் மாற்றினேன், ஆறையும். மறுநாளே அதே மூன்றாவது கம்பி அதே மாதிரி பிசகி நின்றது. கோளாறு, கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற துண்டில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கீ என்னவோ கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பதால் பழி அதன் மேல் விழுகிறது. ஆனால் அதற்குள் இருப்பது வார்ம் கியர், அதாவது திருகு ஒன்று பல்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு. கீயைத் திருகினால் கம்பி சுற்றியிருக்கும் தண்டு சுழலும். தண்டை இழுத்துக் கீயைச் சுழற்ற முடியாது. கம்பியின் இழுப்பால் அது தானாகத் தளர்வது அபூர்வம். பல் தேய்ந்து போயிருந்தாலோ, திருகாணி கழன்று ஆடினாலோதான் சந்தேகப்பட வேண்டும். கீயைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

முதலில் கம்பி மாட்டிய விதத்தைப் பாருங்கள். தண்டைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று போதும், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஆறேழு சுற்று ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் அது இறுகி முடிகிற வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். மறுமுனையில், கம்பியை உடலில் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜ் பின்னைக் குத்தும்போது கம்பியை மெல்ல மேலே இழுத்துக்கொண்டே குத்துங்கள். கம்பியின் முனையில் இருக்கும் குண்டு உள்ளே பலகையில் போய் உட்கார வேண்டும். அது பின்னின் நுனியில் தொற்றிக்கொண்டு நின்றால், வாசிக்க வாசிக்க நழுவும். அப்புறம் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தூக்கி இதமாக இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள். மூன்று நான்கு முறை செய்தால் இறங்குவது நிற்கும். இதைச் செய்யாமல் விட்டால், அந்த இழுவை எல்லாம் நீங்கள் வாசிக்கும்போது நடக்கும்.

இனி நட். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஆறு வெட்டுகளோடு இருக்கிறதே, அந்தச் சின்னத் துண்டு. கீயைத் திருகும்போது ஒன்றும் நடக்காமல் இருந்து, திடீரென்று 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு சுருதி எகிறுகிறதா? அப்படியானால் கம்பி அந்த வெட்டில் மாட்டிக்கொள்கிறது. தலைப்பக்கம் இழுவிசை கூடுகிறது, வாசிக்கும் பக்கம் கூடவில்லை. டியூனர் பச்சை காட்டும். நான்கு முறை மீட்டியதும் கம்பி வழுக்கி வேறெங்கோ போய் நிற்கும். பக்கத்துக்கு மூன்று கீ இருக்கும் தலையில் டி, ஜி கம்பிகள் (நான்காவதும் மூன்றாவதும்) தூரத்துத் தண்டுகளுக்குப் போவதால் நட்டிலிருந்து அதிகமாக வளைகின்றன. அவைதான் அடிக்கடி மாட்டும். கம்பியைத் தளர்த்தி, வெட்டில் பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள். கிராஃபைட் வழவழப்பாக்கும். என் கிட்டாருக்கு அது பாதி தீர்வு. மீதிக்கு வெட்டைத் துளி அகலப்படுத்த வேண்டியிருந்தது. அதை ரிப்பேர்காரரிடம் விடுங்கள். ஒரு இழை அதிகமாக அராவினால் கம்பி தாழ்ந்து, விரல் வைக்காமல் மீட்டும்போதே கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட்டில் பட்டு இரையும்.

திருகும் திசையும் முக்கியம். எப்போதும் கீழிருந்து மேலே வந்து சுரத்தில் நிறுத்துங்கள். ஏறிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏறி வாருங்கள். மேலிருந்து இறங்கி நிறுத்தினால் பல்சக்கரத்தின் இடைவெளியில் தளர்வு மிஞ்சும். பிறகு அது தானே இறங்கும்.

சரி, டியூனர் பச்சையாக இருந்தும் கார்டு பிசகாகக் கேட்பது வேறு கதை. கீழ் ஸாவுக்கும் மேல் ஸாவுக்கும் இடையிலுள்ளதைத் தவிர, கிட்டாரில் எந்த இடைவெளியும் முழுச் சுத்தமாக இருக்காது. அப்படித்தான் ஃபிரெட்டுகள் அமைந்திருக்கின்றன. ஒரு அரைச்சுரத்தை 100 செண்டாகப் பிரித்தால், ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் இடையிலுள்ள காந்தார இடைவெளி இயற்கையானதைவிட ஏறக்குறைய 14 செண்ட் கூடுதல். தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தில் பழகிய காதுக்கு இது உறுத்தும். ஜி கார்டு இனிக்கட்டும் என்று பி கம்பியைச் சற்றே இறக்குவீர்கள். உடனே சி கார்டு கசக்கும், ஏனென்றால் அங்கே அதே கம்பிதான் ஆதார சுரத்தைக் கொடுக்கிறது. ஆகவே டியூனர் சொல்வதிலேயே விட்டுவிடுங்கள். ஐந்தாவது, ஏழாவது ஃபிரெட் ஹார்மோனிக்கை (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலி) ஒப்பிட்டுச் சேர்ப்பதிலும் இதே சிக்கல்தான். ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் 2 செண்ட் குறையும். தடித்த ஈ கம்பியில் தொடங்கி ஜி கம்பிக்கு வருவதற்குள் 6 செண்ட் போய்விடும். நான் அதைத்தான் பெருமையாகச் செய்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் பாருங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறிக் காட்டினால் முதலில் உங்கள் விரலைச் சந்தேகியுங்கள். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் அழுத்துவார்கள். மெதுவாக அழுத்தியும் ஏறினால், கம்பி உயரமாக இருக்கலாம், பழசாகியிருக்கலாம், பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் சாடில் சரியில்லாமல் இருக்கலாம். எலக்ட்ரிக் கிட்டார் போல இந்தச் சாடிலைத் திருப்புளியால் நகர்த்த முடியாது.

கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்வதற்கு, கம்பியின் உயரத்தைக் குறைப்பதற்கு இல்லை. 12 அளவு (மெல்லிய கம்பி 0.012 அங்குலம்) கம்பித் தொகுதி ஒன்று 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அந்தச் சுமையில் கால்வாசிச் சுற்று என்பதே பெரிய மாற்றம்.

மற்றபடி பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடையுங்கள், வியர்வைதான் அவற்றுக்கு எமன். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள், பிரிட்ஜ் பசை இளகிப் பெயர்ந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும். அதைவிடக் காய்ந்தால் ஃபிரெட் முனைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். ஈரம் கூடினால் மேல்பலகை உப்பிக் கம்பி உயரும், கூடவே சுருதியும் நகரும்.

கழற்றிப் போட்ட பழைய கீகள் ஆறும் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கின்றன. ஒன்றுகூடத் தேயவில்லை.