கன்வர்டிபிள் நோட் பங்காக மாறும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்டார்ட்அப் நடத்துபவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் கன்வர்டிபிள் நோட் பற்றியவைதான் இப்போது அதிகம். இப்போது கடனாக வாங்கி, பின்னால் கம்பெனியின் பங்காக மாற்றித் தரும் பணம்தான் இந்த நோட். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு கேட்பவர்களே பலர் என்பது கவலையாக இருக்கிறது. பதில்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

ஒரு ஏஞ்சல் முதலீட்டாளரிடம் 50 லட்சம் ரூபாயை நோட்டாக வாங்கினோம். 10% தனிவட்டி, 20% டிஸ்கவுண்ட், 8 கோடி கேப். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இப்போது 15 கோடி ப்ரீ-மணி மதிப்பில் (புதுப் பணம் வருவதற்கு முந்தைய மதிப்பு) 5 கோடி முதலீடு வருகிறது. எங்களிடம் இருப்பது 1,00,000 பங்குகள். அவருக்கு எத்தனை பங்கு போகும்? கேப், டிஸ்கவுண்ட் இரண்டுமே கிடைக்குமா?

டிஸ்கவுண்ட் என்பது புது முதலீட்டாளர் தரும் பங்கு விலையில் தள்ளுபடி; கேப் என்பது நோட் பங்காக மாறும்போது கம்பெனிக்கு வைக்கும் மதிப்பின் உச்சவரம்பு. இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எந்த வழியில் பங்கின் விலை குறைகிறதோ அந்த வழி அவருக்கு. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இப்படித்தான் இருக்கும்; உங்களுடையதிலும் அப்படியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வட்டியோடு சேர்த்து அவர் கணக்கில் 57.5 லட்சம் இருக்கிறது. (வட்டியைக் கணக்கில் ஏற்றும்போதே டிடிஎஸ் பிடிக்க வேண்டும். புரிவதற்காக இங்கே அதைக் கழிக்கவில்லை.) 15 கோடியை ஒரு லட்சத்தால் வகுத்தால் புது முதலீட்டாளருக்கு ஒரு பங்கு 1,500 ரூபாய். டிஸ்கவுண்ட் வழியில் 1,200. கேப் வழியில் 8 கோடியை ஒரு லட்சத்தால் வகுக்க, 800. ஆக, 800 ரூபாய்க் கணக்கில் 7,187 பங்குகள். கேப்பும் டிஸ்கவுண்டும் இல்லாமல் இருந்திருந்தால் 3,833தான்.

இதோடு விஷயம் முடியவில்லை. மேலே எல்லா இடத்திலும் ஒரு லட்சத்தால் வகுத்தேன் இல்லையா, அந்த ஒரு லட்சத்துக்குள் எதெல்லாம் அடக்கம் என்பதில்தான் உண்மையான பேரம் இருக்கிறது. புது முதலீட்டாளர், "15 கோடி ப்ரீ-மணிக்குள்ளேயே நோட் பங்குகளும் வந்துவிட வேண்டும்" என்பார். அப்படியானால் வகுக்க வேண்டியது 1,07,187ஆல். விலை சுமார் 1,399 ரூபாயாக இறங்கும். புது முதலீட்டாளருக்கு 33,333 பங்குக்குப் பதில் 35,729 பங்கு, அதாவது சரியாக 25 சதவீதம். உங்கள் பழைய ஒரு லட்சம் பங்கின் அளவு 71.2 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாகக் குறையும்.

கேப் விலையிலும் இதே கதைதான். ஊழியர்களுக்கென ஒதுக்கும் 10,000 ஈசாப் பங்குகளையும் சேர்த்து வகுக்க வேண்டும் என்று நோட்டில் இருந்தால், விலை 800 அல்ல, 727. பங்குகள் 7,906. அதே 8 கோடி கேப், அதே பணம். ஒரு வரி மாறியதில் 700 பங்குக்கு மேல் கூடுதலாகப் போகிறது. கேப் 8 கோடியா 9 கோடியா என்று வாரக்கணக்கில் பேசிவிட்டு இந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. எந்தெந்தப் பங்குகளைச் சேர்த்து வகுப்பது என்பதை எண்ணோடு எழுதி, ஒரு மாதிரி கேப் டேபிளையும் (யாரிடம் எத்தனை பங்கு என்ற பட்டியல்) ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

கேப் 8 கோடி. ஆனால் அடுத்த முதலீட்டு ரவுண்ட் 6 கோடி மதிப்பில்தான் வரும்போல் இருக்கிறது. நோட் 8 கோடிக் கணக்கில்தானே மாறும்?

மாறாது. கேப் என்பது உச்சவரம்பு மட்டுமே. உங்கள் கம்பெனியின் மதிப்பு 8 கோடி என்று யாரும் ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. முதல் கேள்வியின் கணக்கையே வைத்துக்கொண்டால், பங்கு விலை 600, டிஸ்கவுண்ட் போக 480. நோட்டுக்கு 11,979 பங்குகள் போகும்.

சித்தப்பா, மாமா, இரண்டு நண்பர்கள், ஆளுக்கு 7 லட்சம் தருகிறார்கள். மொத்தம் 28 லட்சத்தை நோட்டாக வாங்கலாமா?

கூடாது. ஒவ்வொருவரும் ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் தர வேண்டும்; கூட்டுத்தொகை செல்லாது. வாங்கும் நிறுவனமும் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையான டிபிஐஐடியின் அங்கீகாரம் பெற்ற பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருக்க வேண்டும். எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) நோட் வெளியிட முடியாது.

இந்த வரம்புக்குள் வராத பணத்தைச் சட்டம் 'டெபாசிட்' என்று பார்க்கும். கம்பெனிகள் சட்டத்தில் டெபாசிட் விதிமீறலுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. இயக்குநரின் உறவினர் தன் சொந்தப் பணத்தைக் கடனாகத் தரலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த உறவினர் பட்டியலில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே இந்துக் கூட்டுக்குடும்பத்தின் உறுப்பினர்களும் உண்டு. மற்றபடி சித்தப்பாவும் மாமாவும் இல்லை. நம் வீடுகளில் நம்பவே மாட்டார்கள், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

உங்களுக்குப் பொருந்தும் வழி, கட்டாயம் ஈக்விட்டியாக (சாதாரணப் பங்காக) மாறும் ப்ரிஃபரன்ஸ் பங்குகள், அதாவது பணம் திரும்பும்போது முன்னுரிமை உள்ள பங்குகள். 100எக்ஸ்.விசி என்ற முதலீட்டு நிறுவனம் 2019இல் கொண்டுவந்த ஐசேஃப் ஒப்பந்தமும் இந்த வகைப் பங்கின் மேல் கட்டியதுதான். அதில் 25 லட்சம் என்ற வரம்பு கிடையாது.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் எங்கள் கோவை கம்பெனிக்கு 30 லட்சம் நோட்டாகத் தருகிறார். தனியாக ஏதும் செய்ய வேண்டுமா?

பணம் வங்கி வழியாக முறையான வெளிநாட்டு வரவாகவோ அவருடைய என்ஆர்இ கணக்கிலிருந்தோ (வெளிநாடுவாழ் இந்தியர் வெளிநாட்டுப் பணத்தை இங்கே வைக்கும் வங்கிக் கணக்கு) வர வேண்டும். லாபத்தோடு திருப்பி எடுத்துச் செல்லும் உரிமையோடு போடுகிறார் என்றால், நோட் வெளியிட்ட 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் தளத்தில் உங்கள் வங்கி மூலம் நோட் வெளியீட்டைத் தெரிவிக்கும் ஃபார்ம் சிஎன் தாக்கல் செய்யுங்கள். பிறகு பங்காக மாறும்போது, பங்கு கொடுத்த 30 நாளுக்குள், அதைத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் படிவம். இந்த இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பங்காக மாறும் கடன் என்பதால் உள்ளூர்ப் பணமோ வெளிநாட்டுப் பணமோ, நோட் வெளியிடும் முன்பே பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் தேவை.

மூன்று வருட நோட். அடுத்த மாதம் கெடு. புது ரவுண்ட் எதுவும் வரவில்லை.

நோட் பங்காக மாறவோ திருப்பிக் கொடுக்கவோ சட்டம் 10 ஆண்டு தருகிறது. 2020 வரை இது 5 ஆண்டாக இருந்தது. ஆனால் உங்களைக் கட்டுப்படுத்துவது ஒப்பந்தத்தில் இருக்கும் மூன்று வருடம். பணம் கேட்பது அவர் உரிமை. கெடுவை நீட்டிக்கலாம், அல்லது ஒரு மதிப்பை இருவரும் ஒப்புக்கொண்டு இப்போதே பங்காக்கலாம். நான் இரண்டாவதையே சொல்வேன், ஏனென்றால் நீட்டிக்கும் ஒவ்வொரு வருடமும் வட்டியும் பங்காக மாறிச் சேர்ந்துகொண்டே போகும். கெடு தீரும் முன்பே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நான் முதல் கேள்வி போன்ற ஒரு நோட்டில் பணம் போட்டவன். புது முதலீட்டாளருக்குத் தரும் அதே ப்ரிஃபரன்ஸ் பங்கை எனக்கும் தரச் சொல்கிறேன், நிறுவனர் மறுக்கிறார். நியாயமா?

அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. புது முதலீட்டாளரின் பங்கில், கம்பெனி விற்கும்போது ஒரு பங்குக்கு 1,500 ரூபாய் முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை இருக்கும். அதே பங்கில் 7,187 உங்களுக்குக் கொடுத்தால், 57.5 லட்சத்துக்கு 1.07 கோடிக்கு மேல் முன்னுரிமை கிடைத்துவிடும். கம்பெனி குறைந்த விலைக்குப் போனால் அந்தக் கூடுதல் 50 லட்சம் நிறுவனர்களிடமிருந்தும் ஊழியர்களிடமிருந்தும்தான் வர வேண்டும். இதற்கென்றே ஒரு துணை வகுப்பு உருவாக்குவது வழக்கம்: வாக்குரிமை உள்ளிட்ட மற்ற உரிமைகள் எல்லாம் அதேதான், முன்னுரிமைத் தொகை மட்டும் நீங்கள் வாங்கிய 800 ரூபாய். அதைக் கேளுங்கள், அவர் மறுக்கக் காரணம் இருக்காது.