வாரம் இரண்டு அரைநாள், இறந்தவர்களின் கோப்புகளோடு

தம்பி, மதுரையில் எம்.டி முடித்துவிட்டு இங்கிலாந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது, இரவு டூட்டி முதுகை ஒடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். "மெடிக்கல் எக்ஸாமினர் என்று ஒரு பகுதிநேர வேலை இருக்கிறதாமே அக்கா, போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டுமா, நமக்குக் கிடைக்குமா, தகனப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் கிடைக்கிற ஆஷ் கேஷ் வருமா, நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கிற வேலையா?" என்று நான்கு கேள்வி. முதல் மூன்றுக்கும் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். நாலாவதற்குத்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

போஸ்ட்மார்ட்டம் செய்வது அமெரிக்காவில். அங்கே இந்தப் பெயரில் இருப்பவர் தடயவியல் மருத்துவர். இங்கே நாங்கள் கத்தியைத் தொடுவதே இல்லை. கொரோனரிடம், அதாவது மரண விசாரணை அதிகாரியிடம், போகாத எல்லா இறப்புகளையும் சிகிச்சை அளிக்காத வேறொரு மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்பது 2024 செப்டம்பர் 9 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம். அந்த மருத்துவர்தான் மெடிக்கல் எக்ஸாமினர். ஸ்காட்லாந்தில் முறை வேறு.

உங்களுக்கு இப்போது கிடைக்காது. குறைந்தது ஐந்து வருடம் தொடர்ந்து ஜி.எம்.சி, அதாவது இங்குள்ள மருத்துவ கவுன்சிலின், பதிவு இருக்க வேண்டும். அதற்கு மேல் பெரும்பாலும் கன்சல்டன்ட் என்கிற மூத்த நிபுணர், ஜி.பி என்கிற குடும்ப மருத்துவர், அல்லது அதற்கு இணையான அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுக்கிறார்கள். மனைவி நர்ஸ் என்று சொல்லியிருந்தீர்கள். அவருக்கு மெடிக்கல் எக்ஸாமினர் ஆஃபீசர் என்ற பதவி ஒத்துவரலாம். அதற்கு மருத்துவராக இருக்கத் தேவையில்லை. அலுவலகத்தைத் தாங்கி நிறுத்துவதே அவர்கள்தான்.

ஆஷ் கேஷை மறந்துவிடுங்கள். தகனப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு 82 பவுண்டு வாங்கிய காலம் அதே செப்டம்பர் 9-ஓடு முடிந்தது. எங்களுக்கு நான்கு மணி நேரம் ஒரு செஷன் என்ற கணக்கில் சம்பளம். நான் வாரத்துக்கு இரண்டு செஷன் செய்கிறேன். மற்ற நாட்களில் முதியோர் வார்டு. இதை நம்பி வீடு வாங்க முடியாது.

இனி அந்த நிம்மதி.

பத்து வருடத்துக்கு முன் நீங்கள் கேட்டிருந்தால் நானும் இதை ஒரு காகித வேலை என்றுதான் சொல்லியிருப்பேன். ஊரில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இறப்புச் சான்றிதழ் எழுதுவது கடைசி ஆளிடம் தள்ளிவிடுகிற வேலை. நானும் கூசாமல் "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்" என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். இதயமும் மூச்சும் நின்றால்தானே சாவு, அது எப்படிக் காரணமாகும்? இங்கே சான்றிதழில் நேரடிக் காரணத்தை எழுதும் 1ஏ வரிசையில் அதை மட்டும் எழுதினால் திரும்பி வந்துவிடும். "முதுமை" என்று எழுதுவதும் 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான், அதுவும் வேறு நோய் எதுவும் தென்படாதபோது.

அரைநாளில் எனக்கு ஆறேழு கோப்புகள் வரும். எதனால் இறந்தார், கொரோனருக்குச் சொல்ல வேண்டுமா, கவனிப்பில் குறை இருந்ததா, இந்த மூன்றைத்தான் தேடுகிறோம். கோப்பைப் படிப்பேன், சான்றிதழ் எழுதும் டாக்டரிடம் பேசுவேன், அப்புறம் குடும்பத்துக்குப் போன். என் அனுபவத்தில், எது மாறினாலும் அந்தப் போனில்தான் மாறுகிறது.

ஒரு கதை சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இங்கே வடகிழக்கில் சண்டர்லண்ட் பக்கம் பேசும் ஆங்கிலம் தனி. "பேட்லி" என்றால் மோசமாக என்று நாம் படித்திருப்போம். இவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். முதல் வருடம் பாதி புரியாது. நுரையீரல் இறுகிப்போய் நிமோனியாவில் இறந்த ஒரு முதியவர். காரணம் தெரியாத நுரையீரல் இறுக்கம் என்று சான்றிதழ் தயாராக இருந்தது. மகளை அழைத்தேன். "அப்பா வாழ்நாள் முழுக்க லகர்" என்றார். நான் அதை லாகர் பீர் என்று எடுத்துக்கொண்டு "மது அருந்தும் பழக்கம்" என்று குறிப்பெழுதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஆஃபீசர் உள்ளூர்க்காரம்மா. அந்தக் குறிப்பைப் பார்த்துச் சிரித்தார், உடனே சிரிப்பை நிறுத்தினார். லகர் என்றால் கப்பலிலும் பாய்லர் அறையிலும் சூடு வெளியேறாமலிருக்கக் குழாய்களுக்கு உறை சுற்றுகிறவர். அந்தக் காலத்து உறையில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். இந்த ஊரின் கப்பல் கட்டும் தளங்கள் 1988-இலேயே மூடிவிட்டன, தூசி மட்டும் அந்த மனிதரின் நெஞ்சுக்குள் முப்பது நாற்பது வருடம் இருந்திருக்கிறது. மகளை மறுபடி அழைத்து மன்னிப்புக் கேட்டு, எந்த வருடம், எந்த இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தொழிலால் வந்த நோயாக இருக்கலாம் என்றாலே கொரோனருக்குப் போயாக வேண்டும். போயிற்று. நஷ்டஈடு கேட்கும் வழி அந்தக் குடும்பத்துக்கு அப்படித்தான் திறந்தது. கோப்பில் "ஓய்வு பெற்றவர்" என்ற ஒரே வார்த்தைதான் இருந்தது. இப்போதெல்லாம் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு, புரியாவிட்டால் எழுத்துக்கூட்டச் சொல்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. "டேக் யுவர் டைம், பெட்" என்பார்கள், அவசரமில்லை கண்ணு என்கிற மாதிரி.

இந்த முறை வந்ததே குடும்பத்தை யாரும் கேட்காததால்தான். மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் ஹரோல்ட் ஷிப்மன் என்ற ஜி.பி. 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்குத் தண்டனை பெற்றார்; மொத்தம் ஏறத்தாழ 250 என்று விசாரணை கணித்தது. கொன்றவரே சான்றிதழும் எழுதினார். தகனத்துக்கு இரண்டாவது டாக்டரின் கையெழுத்தும் இருந்தது, ஆனால் அவர் உறவினரிடம் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த விசாரணையை நடத்திய நீதிபதி ஜேனட் ஸ்மித் இதை மாற்றச் சொன்னது 2003-இல், சட்டம் வந்தது 2009-இல், முழுதாக நடைமுறைக்கு வந்தது 2024-இல். நம் ஊர்க் கோப்புகள்தான் நகராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம்மவர்களோடு பேசுவது வேறு மாதிரிக் கஷ்டம். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. அம்மா இறந்து ஒரு நாள்தான். மகள் போனை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவ வெட்டுவினமோ?" இல்லை என்று தமிழில் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. கவனிப்பில் ஏதாவது குறை இருந்ததா என்று கேட்டேன். "ஒரு குறையும் இல்லை டொக்டர், நல்லாப் பாத்தவை." போன உயிரைப் பற்றிக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற நம் வழக்கமான பதில். ஆங்கிலத்தில் பேசியிருந்தால் அதோடு முடித்திருப்பேன். கொஞ்சம் பேசாமல் இருந்தேன். "ரெண்டு நாள் பல்லு செட்டக் காணேல்லை. அது இல்லாமலே சாப்பாடு குடுத்தவை. புரைக்கேறினது." அம்மா இறந்தது உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் வந்த நிமோனியாவில். அதன் பிறகு கொரோனர் அலுவலகத்தோடு பேசினோம், ஆஸ்பத்திரி தனியாக ஒரு ஆய்வும் செய்தது. அந்த மகள் கடைசியில் கேட்டது தகனம் எத்தனை நாள் தள்ளும் என்பதுதான். ஊரில் மறுநாளே எடுத்துவிடுவோம். இங்கே எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். அதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிய கன்சல்டன்டை அழைத்து "நீங்கள் எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல்ல வேண்டும். சீஃப் வந்தால் எழுந்து நின்று பழகிய நமக்கு அது சுலபமாக வராது. முதல் முறை சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டுதான் அழைத்தேன். அவர் சற்று யோசித்து, "சரிதான், மாற்றுகிறேன்" என்று வைத்துவிட்டார். எல்லோரும் அப்படி இல்லை.

விருப்பம் இருந்தால் ராயல் காலேஜ் ஆஃப் பெதாலஜிஸ்ட்ஸ் வைத்திருக்கும் 26 இணையப் பாடங்களைப் பாருங்கள். உங்கள் ஆஸ்பத்திரியின் அலுவலகத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அதுவரை, வார்டில் நீங்கள் எழுதிய சான்றிதழைப் பற்றி அங்கிருந்து போன் வந்தால் தள்ளிப்போடாமல் எடுங்கள். திட்டுவதற்காக அழைப்பதில்லை. அந்த நோயாளி என்ன வேலை பார்த்தார், எப்போதாவது விழுந்தாரா என்று மட்டும் முன்னாலேயே பார்த்து வைத்திருங்கள். அதைத்தான் முதலில் கேட்பேன்.