18 மாதமும் 14 நாளும்

கேள்வி: குற்றத் தடுப்பு, மனித உரிமை என்று ஐ.நா. 5 ஆண்டுக்கொரு மாநாடு போடுகிறது. எங்கள் ஊரிலும் முக்குக்கு முக்கு கேமரா வந்தாயிற்று. இனி பயமில்லைதானே?
- ஒரு வாசகர், பல்லடம்

பதில்: மாநாட்டை விடுங்க. 1955இல் ஜெனீவாவில் ஆரம்பித்தது, 2021இல் கியோட்டோவில் 14ஆவது முறை கூடிக் கலைந்தார்கள். சித்திரவதைக்கு எதிராக ஐ.நா. 1984இல் ஒப்பந்தம் கொண்டுவந்தது. இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை உறுதி செய்யவில்லை. உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் பண்ணிவிட்டுக் கால் நூற்றாண்டாக முகூர்த்தம் குறிக்காத மாப்பிள்ளை வீட்டை நம்ம பக்கம் சும்மா விடுவோமா?

முக்குக் கேமராவைப் பார்த்தீங்க, சரி. போலீஸ் ஸ்டேஷனுக்குள் இருக்கிற கேமராவைப் பார்த்தீங்களா? பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, எதுவும் விடுபடக்கூடாது. இருட்டிலும் தெரிய வேண்டும், பேச்சும் பதிவாக வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். முடியாவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது.

இப்போது கணக்குப் போடுங்க. 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓடினால் நாளைக்கு சுமார் 22 ஜி.பி. பதினெட்டு மாதத்துக்கு ஒரு கேமராவுக்கே 12 டி.பி., அதாவது 12,000 ஜி.பி. போல ஆகும். ஸ்டேஷனில் 13 கேமரா என்று வையுங்க. மளிகைக்கடைக்கு மாட்டுகிற மாதிரி அத்தனைக்கும் சேர்த்து ஒரே 4 டி.பி. டிஸ்க்கைச் செருகினால் பதினாலாம் நாளே பழையது அழிந்து அதன் மேல் புதியது ஏறும். அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வக்கீலைப் பிடிப்பதற்குள் ஆதாரம் காலி. அதனால் முதல் வேலை, தேதியும் நேரமும் குறித்து, இந்தப் பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் மனு. பதிவை வரவழைக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

இன்னொரு வில்லங்கம், ரெக்கார்டருக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி. அது செத்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் தேதி எங்கோ பின்னால் ஓடிவிடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

முக்குக் கேமராவுக்கு எதிரி திருடன் இல்லைங்க, ஃபிளெக்ஸ். இந்தப் பக்கத்தில் எத்தனை முறை கத்தியாயிற்று! கம்பத்தில் கேமரா, அதன் மூக்குக்கு நேரே பிறந்தநாள் வாழ்த்து. செயின் பறித்தவன் பைக் நம்பர் தெரியாது. தலைவரின் இடது காது மட்டும் இரவு பகலாக, துல்லியமாகப் பதிவாகிக்கொண்டிருக்கும். அதற்கும் நாளைக்கு 22 ஜி.பி.!